இருவராகக் கமினோ நடக்கும் முன் அளந்துகொள்ள வேண்டியவை

ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிறார், கூட வருபவர் 4 கிலோமீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் உலாவும்போது இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. முன்னால் போகிறவர் இரண்டு தடவை நின்றால் சரியாகிவிடும். 24 கிலோமீட்டர் நடக்க வேண்டிய நாளில் கதை வேறு. ஒருவருக்கு 4 மணி 48 நிமிடம், மற்றவருக்கு 6 மணி நேரம். இடையில் 72 நிமிடம். நாளைக்கும் அதே 72 நிமிடம், மறுநாளும்.

ஸ்பெயினின் வடபகுதியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கும் கமினோ பிரான்செஸ் என்ற யாத்திரைப் பாதைக்கு இரண்டு பேராகக் கிளம்புகிறவர்கள் விசா, டிக்கெட், ஷூ, பை என்று எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்க்கிறார்கள். இந்த 72 நிமிடத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்வதில்லை. இருவராகப் போகும் நடைக்கான தயாரிப்பின் நடுநாயகம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பையின் எடை, படுக்கை, பணம், காயம் எல்லாம் கடைசியில் இந்த இடைவெளியில்தான் வந்து முட்டும்.

முதலில் பாதையின் அளவு. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் இருக்கும் ஸான் ஜான் பியே த போர் என்ற ஊரிலிருந்து யாத்திரை முடியும் சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா நகரம் வரை சுமார் 780 கி.மீ. 33 நாளில் நடந்தால் சராசரி 23.6 கி.மீ. வருகிறது. ஓய்வுக்கு 2 நாள், காயத்துக்கோ காய்ச்சலுக்கோ 3 நாள் சேர்த்தால் 38. ஒருவர் தனியாகப் போனால் இரண்டு உபரி நாள் போதும். இருவர் என்றால் உடம்பு முடியாமல் போக இரண்டு உடம்பு இருக்கிறது, அதனால் மூன்று வையுங்கள்.

சராசரியை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். முதல் நாள் ரொன்செஸ்வாயெஸ் வரை 25 கி.மீ.தான், ஆனால் 170 மீட்டர் உயரத்தில் தொடங்கி பிரனீஸ் மலையில் 1,430 மீட்டர் வரை ஏறி, பிறகு 950 மீட்டருக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். நெப்போலியன் பாதை எனப்படும் இந்த மலைவழி நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்பட்டிருக்கும். அப்போது வல்கார்லோஸ் வழியாகக் கீழ்ப்பாதையில்தான் போக வேண்டும். மலைவழியில் சுமார் 8 கி.மீ. தூரத்தில் ஓரிசோன் என்ற தங்குமிடம் இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கி முதல் நாளை இரண்டாக உடைக்கலாமா என்பதை இருவரில் மெதுவாக ஏறுகிறவரே முடிவு செய்யட்டும். இடங்கள் குறைவு என்பதால் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். முதல் நாள் தன் வேகத்துக்கு மீறி ஏறியவர் அடுத்த பத்து நாள் அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருப்பார்.

இடைவெளியை அளப்பது எப்படி

கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே, இருவரும் நிஜமாகச் சுமக்கப்போகும் எடையோடு, தனித்தனியாக மூன்று சோதனை செய்யுங்கள். சமதளத்தில் 15 கி.மீ. ஏற்றத்தில் 5 கி.மீ. இறக்கத்தில் 5 கி.மீ. மூன்றுக்கும் தனித்தனியே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து நடந்து அளந்தால் அளவு பொய்யாகிவிடும். மெதுவானவர் வெட்கப்பட்டு வேகம் கூட்டுவார், வேகமானவர் அன்பினால் குறைப்பார்.

மூன்று எண்களும் ஒரே மாதிரி இருக்காது. சமதளத்தில் முந்துகிறவர் முட்டி பலவீனத்தால் இறக்கத்தில் பின்தங்கலாம். இந்தப் பாதையில் இறக்கம்தான் ஆட்களைக் கழிக்கிறது. ரொன்செஸ்வாயெஸுக்கு இறங்குவது, மறுநாள் ஸுபிரி ஊருக்குள் பாறைப் படிகளில் இறங்குவது, பாம்ப்லோனா நகரம் தாண்டி ஆல்டோ தெல் பெர்தோன் மேட்டிலிருந்து உருளைக் கற்களில் இறங்குவது, பிறகு பாதையின் உச்சியான குரூஸ் தே ஃபெர்ரோ பகுதியில் சுமார் 1,500 மீட்டரிலிருந்து மோலினசேக்காவுக்குக் கிட்டத்தட்ட 900 மீட்டர் இறங்குவது. சமதள வேகத்தை மட்டும் பார்த்து நாள்வாரித் திட்டம் போட்டவர்கள் இந்த நான்கு இடத்திலும் மாட்டிக்கொள்வார்கள்.

வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சேர்ந்தே நடக்கலாம். பத்து முதல் பதினைந்து என்றால் எடையை மாற்றிப் பாருங்கள்: மெதுவானவர் பையிலிருந்து ஒரு கிலோ, ஒன்றரை கிலோ வேகமானவர் பைக்குப் போகட்டும். அதோடு மறுபடி 15 கி.மீ. அளந்து பாருங்கள். அதற்கும் மேல் போனால் எடையால் சரிக்கட்ட முடியாது. சேர்ந்து கிளம்பி, தனித்தனியே நடந்து, குறித்த இடத்தில் சந்திப்பதுதான் வழி. இதை நட்பின் தோல்வியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இழுத்துப் பிடித்துச் சேர்ந்து நடந்தால் என்ன கெடுதல்? தன் இயல்புக்கு மேல் வேகம் கூட்டுகிறவர் அடியை நீட்டி வைப்பார். குதிகால் ஓங்கித் தரையில் இறங்கும். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் முன்கால் தசைநார் நாளெல்லாம் இழுபட்டு, நான்கைந்து நாளில் கணுக்காலுக்கு மேலே முன்பக்கம் வீங்கிச் சிவக்கும். இது கொப்புளம் போல மறுநாள் ஆறுகிற விஷயம் இல்லை, நாள்கணக்கில் ஓய்வு கேட்கும். வேகமானவருக்கோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று நின்று வியர்வை குளிர்ந்து, தசை இறுகி, எரிச்சலும் சேர்ந்துகொள்ளும்.

தனியாக நடப்பதற்கு விதிகள் வேண்டும். “அடுத்த ஊரில் பார்க்கலாம்” என்பது விதி ஆகாது. ஊருக்குள் நுழைந்ததும் பாதையைக் காட்டும் மஞ்சள் அம்புக்குறி போகிற தெருவில் முதலில் திறந்திருக்கும் பார், அங்கே வெளியே போட்டிருக்கும் மேசை. இப்படிச் சொன்னால் தவறாது. மெதுவானவர் காலையில் 30 முதல் 45 நிமிடம் முன்னால் கிளம்பினால் நடுவழியில் ஒருவரையொருவர் பிடித்து, கொஞ்ச தூரம் சேர்ந்து நடக்கவும் வாய்க்கும். கர்ரியோன் தே லோஸ் கோந்தேஸ் ஊரிலிருந்து கால்ஸதிய்யா தே லா குவேஸா வரை 17 கி.மீ.க்கு நடுவில் ஊரே கிடையாது, நிழலும் அரிது. அந்தப் பகுதியில் சந்திப்பு மறுமுனை ஊரில்தான். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் சாப்பாடும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இன்னொரு விதி உயிரானது: பாதை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவர் நின்றே ஆக வேண்டும். சாகாகூன் தாண்டி கால்சாதா தெல் கோத்தோவில் பாதை இரண்டாகிறது. லெயோனைத் தாண்டி லா விர்கென் தெல் கமினோவில் ஒரு கிளை வில்யதாங்கோஸ் பக்கமும் மற்றொன்று வில்யார் தே மசரிஃபே பக்கமும் போகிறது. திரியகாஸ்தேலாவில் ஒரு வழி சாமோஸ் மடத்தைத் தொட்டுப் போகும், மற்றது சான் ஷில் வழியே போகும். எல்லாமே கமினோதான், எங்கேயும் அம்புக்குறி இருக்கும். அதனால் தவறு செய்துவிட்டோம் என்ற சந்தேகமே வராமல் இருவரும் வேறு வேறு ஊருக்குப் போய்ச் சேர முடியும். அதற்கு முந்தைய இரவே எந்தக் கிளை என்று பேசி இருவர் போனிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

படுக்கையிலும் அதே 72 நிமிடம்

நகராட்சியும் தேவாலயங்களும் நடத்தும் ஆல்பெர்கேக்களில், அதாவது யாத்திரிகர் விடுதிகளில், பொதுவாக முன்பதிவு கிடையாது. வந்த வரிசைப்படி கட்டில். மதியம் ஒன்று, இரண்டு மணிக்குத் திறப்பார்கள். இரவு 10 மணிக்கு விளக்கணைப்பு, காலை 8 மணிக்குள் வெளியேற வேண்டும், ஓர் இரவுதான். பெரும்பாலான இடங்களில் ஆள் நேரில் வந்து க்ரெடென்சியால் என்ற யாத்திரிகர் புத்தகத்தைக் காட்டினால்தான் கட்டில். பின்னால் வருகிறவருக்காக இடம் பிடித்து வைக்க முடியாது. கூட்டமான நாளில் முன்னால் வந்தவருக்குக் கட்டில் கிடைத்து, ஒரு மணி நேரம் கழித்து வந்தவர் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டிய நிலை வரலாம். அதுவும் நடந்து களைத்தவர்தான் இன்னும் 5 கி.மீ. நடக்க வேண்டும்.

ஆகவே இடைவெளி பெரிதாக இருக்கும் இருவர், நெருக்கடி வரக்கூடிய இரவுகளுக்குத் தனியார் ஆல்பெர்கேயில் முன்பதிவு செய்வது நல்லது. முதல் மூன்று இரவும், சாரியாவுக்குப் பிறகு வரும் இரவுகளும் கட்டாயம். நடந்து வந்தோருக்கான கொம்போஸ்தேலா சான்றிதழுக்குக் குறைந்தது 100 கி.மீ. நடை போதும், சைக்கிளுக்கு 200. சாரியா சாந்தியாகோவிலிருந்து சுமார் 115 கி.மீ. தூரத்தில் இருப்பதால் அங்கே புதிதாகப் பெருங்கூட்டம் சேர்கிறது. இந்த யாத்திரைக்குரிய புனித யாகப்பரின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு. 2021க்குப் பிறகு அடுத்தது 2027. அந்த ஆண்டில் போகிறவர்கள் இன்னும் முன்கூட்டியே பதிவு செய்யட்டும்.

குறட்டையைப் பற்றிக் கிளம்பும் முன்பே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். ஒரே அறையில் இருபது பேர் படுக்கும் இடத்தில் காதடைப்பான் எல்லோருக்கும் வேண்டும், இருவரும் ஆளுக்கு இரண்டு ஜோடி வையுங்கள். மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா என்பதில் வயதுக்கும் முட்டிக்கும் முன்னுரிமை. எத்தனை இரவுக்கு ஒரு தடவை தனி அறை என்பதையும் முடிவு செய்யுங்கள். ஒருவர் ஐந்தாம் நாளே தனி அறை கேட்பார், மற்றவர் பொதுக்கூடத்திலேயே நிம்மதியாகத் தூங்குவார். பணத்தகராறு பெரும்பாலும் சாப்பாட்டில் தொடங்குவதில்லை, இந்த அறைவாடகையில்தான் தொடங்குகிறது.

மூட்டைப்பூச்சி இந்தப் பாதையில் உண்மையான தொல்லை. போனதும் பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். மெத்தையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள், மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளி தெரிந்தால் சொல்லிவிட்டு வேறு கட்டில் கேளுங்கள். ஸ்லீப்பிங் பேகுக்கும் முதுகுப்பைக்கும் கிளம்புவதற்கு முன் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துத் திறந்த வெளியில் முழுக்கக் காயவிடலாம். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு விஷம், வீட்டில் பூனை இருந்தால் கவனம்.

பை

இரண்டு பேராகப் போவதில் கிடைக்கும் மிகப்பெரிய லாபம் எடையில்தான். ஒருவர் சுமக்கும் அடிப்படை எடைக்கு நான் வைக்கும் கணக்கு இது: 35 முதல் 40 லிட்டர் பை 1,100 கிராம், இலகுவான ஸ்லீப்பிங் பேக் 700, உடுத்தியது போக மாற்று உடைகள் 1,500, மழைக்கோட்டு 350, மாலைச் செருப்பு 350, சோப்பு துண்டு வகையறா 300, மருந்து 250, போன் சார்ஜர் பவர் பேங்க் 450. மொத்தம் 5 கிலோ. இதன் மேல் தண்ணீர் ஒன்றரை லிட்டர், வழியில் தின்ன அரை கிலோ. முதுகில் 7 கிலோ. தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடப்பவர்கள் வைத்திருக்கும் பழைய அளவு. 50 கிலோ உடம்புக்கு இந்த 5 கிலோதான் உச்சம்.

பொதுவில் ஒன்று போதும் என்பவை: மருந்துப் பெட்டியின் பெரும்பகுதி, நகவெட்டி, கத்தி, பற்பசை, சன்ஸ்கிரீன், துவைக்கும் சோப்பு, துணிக்கயிறும் கிளிப்பும், இரண்டு துளை உள்ள சார்ஜர். ஸ்பெயினில் 230 வோல்ட், இரண்டு உருண்டை முள் உள்ள பிளக். கலீசியா மாநில அரசின் விடுதிகளில் சமையலறை இருக்கும், பாத்திரம் பெரும்பாலும் இருக்காது. அங்கே சமைக்க எண்ணினால் ஒரு சின்னப் பாத்திரமும் இரண்டு கரண்டியும் பொதுச் சுமையில் சேரும்.

பகிரவே கூடாதவை இன்னும் முக்கியம். தண்ணீர், மழைக்கோட்டு, டார்ச், வரைபடம் இறக்கிவைத்த போன், பாஸ்போர்ட், க்ரெடென்சியால், கொஞ்சம் ரொக்கம், அன்றாடம் சாப்பிடும் மாத்திரை, கொப்புளத்துக்கு நான்கு பிளாஸ்டர். தனியாக நடக்கும்போது இவற்றில் ஒன்று மற்றவர் பையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். தினசரி மாத்திரைகளை மட்டும் இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி வையுங்கள், ஒரு பை தொலைந்தாலும் மறுபாதி இருக்கும். மூல அட்டையோடு, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டும் கூடவே.

பை கனக்கிறது என்றாகிவிட்டால் ஸ்பெயின் அஞ்சல் துறையான கொர்ரேயோஸ் நடத்தும் பாக் மொச்சிலா சேவையில் பையை அடுத்த ஊருக்கு அனுப்பலாம். நகராட்சி ஆல்பெர்கேக்கள் பொதுவாக இந்தப் பைகளை ஏற்பதில்லை, பை போகும் முகவரி தனியார் விடுதியாக இருக்க வேண்டும். முட்டிவலி வந்த நாளில் இதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். இரண்டு பைகளில் ஒன்றை அனுப்பிவிட்டு மற்றதை வேகமானவர் சுமப்பது நல்ல சமரசம்.

கால்

நடந்து ஒரு மணி நேரத்திலேயே பாதம் வீங்கத் தொடங்கும். ஆகவே ஷூவை மாலையில், நடைக்கான சாக்ஸைப் போட்டுக்கொண்டு வாங்க வேண்டும். அரை அளவோ ஓர் அளவோ கூடுதல், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம். இந்த இடம் இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் நுனி முட்டி நகம் கறுத்துக் கழன்றுவிடும். இடம் இருந்தும் முட்டினால் நாடா தளர்ந்திருக்கிறது என்று பொருள். மேல் இரண்டு துளையில் நாடாவை வளையமாக்கிக் குதிகாலைப் பின்னால் இழுத்துப் பூட்டிக் கட்டுங்கள். ஏற்றத்திலும் சமதளத்திலும் அதே கட்டைத் தளர்த்த வேண்டும். கணுக்கால் முன்னே நாடா இறுகியபடி தார் ரோட்டில் நாளெல்லாம் நடந்தால், மேலே சொன்ன முன்கால் தசைநார் வீக்கம் இன்னும் சீக்கிரம் வரும். கணுக்காலை மூடும் பூட்ஸை விட இலகுவான டிரெயில் ஷூ இந்தப் பாதைக்குப் போதும் என்பேன், கணிசமான தூரம் கெட்டித் தரைதான். எதுவானாலும் கிளம்பும் முன் 80 முதல் 100 கி.மீ. அதில் நடந்திருக்க வேண்டும்.

கொப்புளத்துக்கு வெப்பம், ஈரம், உராய்வு மூன்றும் வேண்டும். ஒன்றைக் குறைத்தாலும் தப்பலாம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பத்து நிமிடம் காற்றாடவிடுங்கள். மதியம் சாக்ஸ் மாற்றி, ஈரமானதைப் பையின் வெளியே ஊக்கு குத்தித் தொங்கவிடுங்கள். மெரினோ கம்பளி கலந்த சாக்ஸ் மூன்று ஜோடி, பருத்தி வேண்டாம், அது வியர்வையை உறிஞ்சி விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வாசலின் தடவுகிற பழக்கம் உள்ளவர்கள் டேப் ஒட்ட வேண்டிய இடத்தில் தடவக் கூடாது, ஒட்டாது. டேப்பை உலர்ந்த காலில், மூலைகளை வட்டமாக வெட்டி, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஒரு சுருக்கம் புதிய கொப்புளத்துக்கு விதை.

காலில் ஓரிடம் சூடாக உறுத்தத் தொடங்கினால் அந்த நிமிடமே நிற்க வேண்டும். அடுத்த ஊர் ஒரு கிலோமீட்டர்தான், அங்கே போய்ப் பார்க்கலாம் என்று நடப்பவருக்கு அந்த ஒரு கிலோமீட்டரில் தோல் பிரிந்துவிடும். இருவராகப் போகும்போது இது இன்னும் மோசமாகிறது. ஏற்கனவே பின்தங்கியிருப்பவர், இன்னொரு தடவை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக் காலை மறைப்பார். இதற்கு ஒரே ஏற்பாடு முன்கூட்டிய ஒப்பந்தம்: யார் “கால்” என்று சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்காமல், மணி பார்க்காமல் உட்கார வேண்டும். பயிற்சி நடையிலேயே இதைப் பழகுங்கள்.

கொப்புளம் வந்தேவிட்டால், சிறியதாகவும் வலியில்லாமலும் இருந்தால் தொட வேண்டாம். ஹைட்ரோகொலாய்ட் என்ற ஜெல் பிளாஸ்டர் ஒட்டினால் அது தானாக விழும் வரை விட்டுவிடுங்கள், பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பெரிதாகி அழுத்தினால் ஆல்கஹாலில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் கிருமிநாசினி போட்டுத் துணிக்கட்டு. சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் சென்ட்ரோ தே சலூத் என்ற அரசு நலவாழ்வு நிலையத்துக்குப் போய்விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் ஊசியைத் தொடக் கூடாது, கிளம்பும் முன்பே பாதத்தை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. வலிமாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதும் எனக்கு உடன்பாடில்லை. நிற்கச் சொல்லும் குரலை அது அமுக்கிவிடுகிறது.

பயிற்சிக்குப் பதினாறு வாரம் ஒதுக்குங்கள். முதல் நான்கு வாரம் பையில்லாமல் வாரத்தில் நான்கு நாள் 5 முதல் 8 கி.மீ. அடுத்த நான்கு வாரம் வார இறுதியில் 15 கி.மீ. வரை, 3 கிலோ பையோடு. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை 5 கிலோவோடு 18, 20. அதன் பிறகு இரண்டு வார இறுதிகளிலாவது முழு எடையோடு சனி 20, ஞாயிறு 20. இந்த அடுத்தடுத்த இரண்டு நாள்தான் தேர்வு. முதல் நாள் யாரும் நடந்துவிடலாம், ஷூவின் குறையும் முட்டியின் குறையும் இரண்டாம் நாள் காலையில்தான் வெளியே வரும். மலை இல்லாத ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டில் பையோடு ஏறி இறங்கட்டும். இறங்குவதை ஒதுக்காதீர்கள், தொடைத் தசை நீண்டபடியே எடை தாங்கும் வேலை இறக்கத்தில்தான்.

காகிதம், பணம், சாப்பாடு

ஷெங்கன் விசா வேண்டியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: கால் வைப்பது பிரான்ஸில், நடப்பது ஸ்பெயினில். விண்ணப்பம் அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான், அதாவது ஸ்பெயினுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி எல்லை 15 நாள். அதுவரை இழுக்காதீர்கள். தேதி, கிளம்பும் ஊர், சேரும் ஊர், கி.மீ., தங்குமிடம் என்று நாள்வாரி அட்டவணை ஒன்று தயாரித்து இருவர் விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். உபரி நாட்களையும் சேர்த்தே விசா நாட்களைக் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விசா நிபந்தனை. அதற்கு மேல் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால், கூட இருக்கும் மற்றவரின் தங்கும் செலவையும் மாற்று டிக்கெட்டையும் காப்பீடு தருமா? பலருடைய பாலிசியில் இந்த வரி இருக்காது.

ஸான் ஜான் போய்ச் சேர்வது எளிது. பாரிஸ் பக்கமிருந்து வந்தால் பயோன் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், மாட்ரிட்டிலிருந்து வந்தால் பாம்ப்லோனா வந்து அங்கிருந்து போகலாம். ஸான் ஜானில் சிட்டாடெல் தெரு 39ஆம் எண்ணில் யாத்திரிகர் அலுவலகம். க்ரெடென்சியாலும், ஏற்ற இறக்கப் படமும், விடுதிப் பட்டியலும் அங்கே கிடைக்கும். நடக்க ஏற்ற காலம் ஏப்ரல் பிற்பாதி முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் புர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடையிலான மெசேத்தா சமவெளி வெயில் மெதுவாக நடப்பவரை இரட்டிப்பாகத் தண்டிக்கும். வேகமானவர் மதியத்துக்கு முன் சேர்ந்துவிடுவார், மற்றவர் உச்சி வெயிலில் நடந்துகொண்டிருப்பார்.

செலவுக்குப் பொதுப்பை ஒன்று வையுங்கள். ஆளுக்கு 100 யூரோ போட்டு, தீர்ந்ததும் மறுபடி ஆளுக்கு 100. விடுதி, சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு, மருந்துக்கடை இதிலிருந்து. தனியாகக் குடிக்கும் காபி அவரவர் பையிலிருந்து. தினம் ரசீது பார்த்து வகுக்கும் வேலை வேண்டாம். சின்ன ஊர்களுக்கும் காணிக்கையில் நடக்கும் தொனாதிவோ விடுதிகளுக்கும் ரொக்கம் வேண்டும். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை கடை மூடியிருக்கும், ஞாயிறு முழுக்கவே மூடியிருக்கலாம், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஒருவர் சைவம் என்றால் இருவருமே சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். என்சலாதா மிக்ஸ்தா என்ற சாலட்டில் வழக்கமாக டூனா மீன் இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹமோன் என்ற பன்றித்தொடைத் துண்டுகள் வந்துவிடலாம், அதையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கலீசியக் கீரை சூப்பில் பன்றிக்கொழுப்பு சேரும். முட்டை சாப்பிடுபவருக்கு தோர்த்திய்யா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

பிரியும் நாளுக்கான பேச்சு

இதைப் பலர் ஒத்திப்போடுகிறார்கள், பேசினால் அபசகுனம் என்பது போல. ஒரு மாலை உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதிவிடுங்கள். ஒருவரால் நடக்க முடியாவிட்டால் மற்றவர் எத்தனை நாள் காத்திருப்பார்? அதன் பிறகு தொடர்ந்து நடக்கலாமா? முடியாதவர் பஸ்ஸில் முன்னால் போய்க் காத்திருப்பாரா, வீடு திரும்புவாரா? என் பரிந்துரை: இரண்டு இரவு காத்திருப்பது, அதன் பிறகு நடக்கக் கூடியவர் நடப்பது, முடியாதவர் பஸ்ஸில் பாம்ப்லோனா, லோக்ரோன்யோ, புர்கோஸ், லெயோன் போன்ற மருத்துவமனையுள்ள நகரத்தில் தங்கி உடம்பைத் தேற்றுவது. காலில் ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது இதைப் பேசினால் ஒருவர் குற்ற உணர்விலும் மற்றவர் கோபத்திலும் பதில் சொல்வார். வீட்டில் இருக்கும்போது இருவருமே நியாயமாகப் பேசுவார்கள்.

இதற்கு ஏற்ப ஏற்பாடுகளும் பிரியக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு டிக்கெட்டும் ஒரே பதிவில் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கல், தனித்தனியாக எடுங்கள். ஒருவர் பாஸ்போர்ட், விசா, காப்பீட்டின் படம் மற்றவர் போனிலும் இருக்கட்டும். அவசரத்துக்கு 112. ஸ்பெயின் உள்துறையின் அலெர்ட்காப்ஸ் செயலியை இருவரும் இறக்கி வைத்து, இருக்குமிடம் பகிரும் வசதியைக் கிளம்பும் முன்பே சோதித்துவிடுங்கள்.

க்ரெடென்சியாலில் தினமும் முத்திரை குத்த வேண்டும், சாரியாவுக்குப் பிறகு நாளைக்கு இரண்டு. இருவர் புத்தகத்தையும் ஒருவரே வைத்துக்கொண்டு குத்தி வாங்கும் பழக்கம் வேண்டாம். பிரிந்த நாளில் ஒருவரிடம் இரண்டு புத்தகமும், மற்றவரிடம் படுக்கைக்குக் காட்ட ஒன்றும் இல்லாமலும் போகும்.

கடைசி பத்து நாளில் நடையைப் பாதியாகக் குறையுங்கள். விமானத்துக்கு நான்கு நாள் முன்பு நகத்தை நேராக வெட்டுங்கள், அன்றைக்கே வெட்டினால் வெட்டிய ஓரம் உறுத்தும். நடைக்கம்பும் கத்தியும் சரக்குப் பெட்டியில் போகட்டும். ஷூ மட்டும் காலிலேயே இருக்கட்டும், மற்ற எதைத் தொலைத்தாலும் பாம்ப்லோனாவில் வாங்கிவிடலாம், நூறு கிலோமீட்டர் பழகிய ஷூவை வாங்க முடியாது.